பூநகரிக் கடலட்டையும் என் சீன ஆய்வும்

ஏ-9 வீதி சீனக் கடனுதவியுடன் திருத்தப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் நான் கிளிநொச்சியில் பாடசாலை மாணவி. பின்னேரங்களில் பரந்தன் சந்தியில் பூநகரி பஸ்ஸுக்காகக் காத்துநிற்கும்போது, வீதியோரம் நிறுத்தப்பட்டிருக்கும் இயந்திரங்களில் எழுதியிருந்த சீன எழுத்துகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பார்த்து எழுதுவது எனக்குப் பழக்கமாகியிருந்தது. அவற்றில் ஒன்று மட்டும் கைக்கு எளிதாக வந்தது: கிடையாக ஒரு பெட்டி, அதை மேலிருந்து கீழாகக் குத்தி இறங்கும் ஒரு கோடு. அது ‘ஜொங்’ என்ற எழுத்து, ‘நடு’ என்பது அதன் பொருள், சீனர் தம் நாட்டைச் சொல்லும் பெயரின் முதலெழுத்தும் அதுவே என்பது எனக்குத் தெரியவருவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. அந்த ஆண்டுகளில் எங்கள் ஊரில் சீனாவைப் பற்றிய பேச்சுக்குக் குறைவே இருக்கவில்லை. வீதி, துறைமுகம், கடன், பிறகு கடலட்டை என்று ஒவ்வொன்றைப் பற்றியும் எல்லோரிடமும் ஒரு கருத்து இருந்தது. அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரைத்தான் நான் சந்திக்கவில்லை.

இப்போது ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் நவீன சீனக் கற்கையில் ஆய்வுசார் முதுமாணிப் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம், “பிள்ளை, சீனப் பாஷை படிச்சு என்ன செய்யப் போறாய்?” என்ற கேள்வி வருகிறது. கேட்பவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆகவே இந்தப் படிப்பு என்ன, இதில் என்ன செய்கிறோம் என்பதை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

இது மொழிப் பட்டம் அன்று. மொழி இதற்குள் நுழைவதற்கான வாசற்படி. அந்தப் படியில் ஏறாமல் உள்ளே போக முடியாது என்பதனால் முதலாம் ஆண்டின் பெரும்பகுதி அதிலேயே கழிகிறது. பாடநெறி சார்ந்த முதுமாணி ஒன்றில் விரிவுரைகளைக் கேட்டு, கட்டுரைகளை எழுதி, பரீட்சை முடிந்ததும் வெளியே வரலாம். ஆய்வுசார் பட்டத்திலோ, வேறொருவர் எழுதிவைத்த விடையைக் கற்றுக்கொள்வதோடு வேலை முடிவதில்லை. இதுவரை ஒருவரும் கேட்காத ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து, அதற்குச் சீன மொழியிலேயே உள்ள சான்றுகளைத் தேடி, அவற்றை நம்பலாமா, எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நிறுத்துப் பார்த்து, ஓர் ஆய்வேடாக எழுதி நிறுவ வேண்டும். வரலாறு, அரசியல், பொருளியல், மானிடவியல் என்று எந்தத் துறையின் முறையையும் கையாளலாம். ஆனால் மூலத்தை மொழிபெயர்ப்பில் மட்டும் வாசித்து எழுதிய ஆய்வேட்டை எங்கள் துறையில் ஒருவரும் ஏற்றுக்கொள்வதில்லை.

‘நவீன’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீனாவுக்கும் நமக்குமான உறவு என்றவுடன் நம்மவர்கள் இரண்டு கல்வெட்டுகளை நினைவுகூர்வார்கள். ஒன்று, சீனத்தின் சுவான்ஜொவ் துறைமுக நகரில் கிடைத்த, 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு. மற்றையது, சீனக் கடலோடி ஜெங் ஹ கொண்டுவந்து நாட்டிய, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட காலி மும்மொழிக் கல்வெட்டு. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கல்லில் சீனம் புத்தரைப் போற்றுகிறது, தமிழ் தெய்வமான தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது, பாரசீகம் அல்லாஹ்வைப் போற்றுகிறது. அந்தக் கல்லின் முன் நின்றபோது எனக்கும் உடல் சிலிர்த்தது. ஆனால் நம் பேச்சு 1409இல் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது என்பதுதான் என் மனக்குறை. அதற்குப் பின் வந்த அறுநூறு ஆண்டுகளை, அவற்றிலும் நம் வயிற்றையும் வயலையும் கடலையும் நேரடியாகத் தொட்ட கடைசி எழுபது ஆண்டுகளை, நாம் பிறர் சொல்லக் கேட்டே அறிந்திருக்கிறோம்.

மொழியைப் பற்றி முதலில் பயந்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டுக் கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் வார இறுதி வகுப்புகளில் சீனம் படிக்கத் தொடங்கினேன். அந்த வகுப்பில் தமிழ் பேசுபவள் நான் ஒருத்திதான். சீனத்தில் ஒரே அசையை நான்கு தொனிகளில் சொன்னால் நான்கு சொற்களாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த இடர்ப்பாடு. எனக்கு அதைவிடக் கடினமாக இருந்தது மூச்சு. ‘பா’ என்பதை மூச்சை அடக்கிச் சொன்னால் ஒரு சொல், மூச்சைத் தள்ளிச் சொன்னால் இன்னொரு சொல். தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றே. உள்ளங்கையை வாய்க்கு முன் பிடித்துக்கொண்டு, காற்றுப் படுகிறதா என்று பார்த்துப் பார்த்து மாதக்கணக்கில் பழகினேன்.

ஆனால் ஓரிடத்தில் தமிழ் எனக்குக் கைகொடுத்தது. மனிதன் என்று பொருள்படும் ‘ரென்’ என்ற சொல்லின் முதல் ஒலியைச் சக மாணவர்கள் ரகரமாகவும் யகரமாகவும் உச்சரித்துத் தடுமாறியபோது, நாக்கை உள்வளைத்து எங்கும் முட்டாமல் நிறுத்தும் அந்த ஒலி நம் ழகரம் என்பதை ஆசிரியர் சொல்லிக்காட்டிய முதல் நாளே கண்டுகொண்டேன். எங்கள் வன்னிப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிட்டது. மழை எங்கள் வாயில் மளைதான். சின்ன வகுப்பில் தமிழாசிரியை எங்களை வரிசையாக எழுப்பி ‘வாழைப்பழம்’ சொல்லவைத்த பயிற்சி இத்தனை ஆண்டுகள் கழித்து இப்படிப் பயன்படும் என்று அவரும் எண்ணியிருக்க மாட்டார்.

முதலாம் ஆண்டின் ஆய்வு முறையியல் வகுப்பில் எனக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி, நம் நாடு சம்பந்தப்பட்ட ஒரு சீன ஆவணத்தை எடுத்து விளக்குவது. சீனாவுடன் இலங்கை செய்த 1952ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டேன். கொரிய யுத்தத்தின்போது சீனாவுக்கு இறப்பர் விற்பதைத் தடுக்கும் நெருக்குதல் இருந்த வேளையில், அரிசித் தட்டுப்பாட்டாலும் இறப்பர் விலை வீழ்ச்சியாலும் திண்டாடிய இலங்கை, வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்கவின் முயற்சியால் அந்த ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் போகும், 2,70,000 தொன் அரிசி வரும் என்பது ஏற்பாடு. இரு நாடுகளுக்கும் இடையே இராஜதந்திர உறவு 1957இல்தான் ஏற்பட்டது. அரிசி அதற்கு முன்பே வந்துவிட்டது. இரணைமடுவுக்குக் கீழே வயல் செய்த குடும்பத்தில் பிறந்த என் அம்மம்மா கூப்பன் கடை அரிசியைப் பற்றிச் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு இது வெறும் பாடமாக இருக்கவில்லை.

இந்த ஒப்பந்தத்தை நாம் ‘இறப்பர்–அரிசி ஒப்பந்தம்’ என்கிறோம். இலங்கையில் எழுதிய புத்தகங்களில் பெரும்பாலும் இறப்பர்தான் முன்னே நிற்கும். சீன ஆவணத்தில் ‘மி ஜியாவ் சியேதிங்’ என்று இருந்தது. மி என்றால் அரிசி, ஜியாவ் என்றால் இறப்பர். அதாவது, அரிசி–இறப்பர் ஒப்பந்தம். நாம் கொடுத்ததை நாம் முன்னே வைத்தோம், அவர்கள் கொடுத்ததை அவர்கள் முன்னே வைத்தார்கள். அகராதியைப் புரட்டிப் புரட்டி அந்த நான்கு எழுத்துகளையும் வாசித்து முடித்த மாலையில்தான் எதற்காக இந்தப் பட்டத்துக்கு வந்தேன் என்பது எனக்கே விளங்கியது. மொழிபெயர்ப்பில் வாசித்திருந்தால், மொழிபெயர்ப்பாளர் நமக்குப் பழகிய வரிசையில் திருப்பி எழுதியிருப்பார். ஒரு வேறுபாடு இருந்தது என்பதே தெரியாமற் போயிருக்கும்.

இவ்வகை வாசிப்புக்கு எங்கள் துறையில் நெடிய பயிற்சி இருக்கிறது. சீன அரசியலில் ‘திஃபா’ என்று ஒரு சொல் உண்டு. ஒரு கொள்கையை எந்தச் சொற்களால், எந்த ஒழுங்கில் சொல்ல வேண்டும் என்று கட்சி வகுத்துக்கொள்ளும் சொற்றொடர் அது. கட்சியின் நாளிதழான ‘மக்கள் நாளிதழ்’ பழைய ஆண்டுகளிலிருந்தே எண்ணிமப்படுத்தப்பட்டிருப்பதனால், ஒரு சொற்றொடர் எந்த மாதத்தில் முதன்முறை வந்தது, எப்போது ஒரு சொல் உதிர்ந்தது என்பதை ஆண்டு ஆண்டாகத் தேடிப் பார்க்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே புகழ்ச்சியாகத் தோன்றும் பக்கங்களில், சொல் மாறும் இடம்தான் செய்தி. நாடுகளை வீதிகளாலும் துறைமுகங்களாலும் இணைக்கச் சீனா 2013இல் அறிவித்த திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு பட்டை ஒரு பாதை’ என்பது அதன் நேர்ப்பொருள். பட்டை என்பது தரைவழி; பாதை என்பதுதான் கடல்வழி. கடலைப் பாதை என்று அழைக்கும் அந்தத் திட்டத்தைப் பற்றி நம் நாட்டில் எழுதியவர்கள் பலர் இதைத் தலைகீழாக எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். சிறு பிழைதான். ஆனால் இலங்கை அந்தப் பெயரின் எந்தப் பாதிக்குள் வருகிறது என்பதே அதில் தவறிவிடுகிறது.

மூலங்கள் எப்போதும் திறந்திருப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சீன வெளியுறவு அமைச்சின் ஆவணக்காப்பகம் 2004இல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டு, 2012க்குப் பின் பெரும்பகுதி மீண்டும் மூடப்பட்டது. சீன ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டித் தரும் மிகப் பெரிய தரவுத்தளத்தில் சில பகுதிகள் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைப்பதில்லை. பட்ட ஆய்வேடுகளும் புள்ளிவிவர ஆண்டு நூல்களும் அவற்றுள் அடங்கும். மூத்த ஆய்வாளர்கள் முன்பு எடுத்துவைத்த பிரதிகளைக் கேட்டு வாங்கியும், பழைய புத்தகக் கடைகளில் விலைக்கு வரும் மாவட்ட வரலாற்று நூல்களைத் தேடியும் எங்கள் தலைமுறை வேலை செய்கிறது.

என் முதல் ஆய்வு முன்மொழிவு திருப்பி அனுப்பப்பட்டது. ‘இந்து சமுத்திரத்தில் சீனாவின் கொள்கை’ என்று பெரிதாகத் தலைப்பிட்டிருந்தேன். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனதில் தொடங்கிப் பதினைந்து பக்கம் எழுதியிருந்தேன். எனது மேற்பார்வையாளர் ஒரு வரி மட்டும் கேட்டார்: “இதில் நீ வாசித்து, வேறு எவரும் வாசிக்காத பக்கம் எது?” அப்படி ஒரு பக்கமும் இல்லை. எல்லாம் ஆங்கிலத்தில் பிறர் எழுதியவற்றைக் கோத்தெடுத்தவை. அன்றிரவு நித்திரை வரவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது.

விடுமுறையில் ஊருக்கு வந்தேன். பூநகரியில் சித்தப்பா கடலட்டை பதனிடுகிறார். கௌதாரிமுனையில் சீன முதலீட்டோடு ஒரு கடலட்டைப் பண்ணை அமைந்தது பற்றி 2021இல் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கே ஒரு சூடு ஏறியிருந்தது. பண்ணை வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் ஒரே வீட்டுக்குள் இருந்தார்கள். அதுவரை நான் அரசியலாக மட்டும் கேட்டுவந்த அந்த அட்டையை, சித்தப்பாவின் கொட்டிலில் ஒரு நாள் முழுவதும் இருந்து பார்த்தேன். குடலை நீக்கிய அட்டையைப் பெரிய அண்டாவில் அவித்து, ஈர மணலுக்குள் ஓரிரவு புதைத்து, மறுநாள் தோண்டி எடுத்து, தோலில் படிந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற படையை உரசிக் கழுவி, மீண்டும் அவித்து, வெயிலில் பரப்பினார். ஒரு சாண் நீளமிருந்தது விரல் நீளத்துக்குச் சுருங்கியது. காய்ந்தபின் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காதருகே பிடித்தார். கல்லோடு கல் முட்டும் ஓசை வந்தால்தான் கொழும்பு முதலாளி முதல் தரமாக எடுப்பாராம். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “பிள்ளை, முப்பது வருசமா அவிக்கிறன். இதை அவங்கள் என்னெண்டு சாப்பிடுறாங்கள் எண்டு எனக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது. உனக்குத் தெரியுமோ?”

எனக்கும் தெரியவில்லை. சீன வரலாறு படிக்கும் நான், என் சித்தப்பா சீனாவுக்கு அனுப்பும் பொருளைப் பற்றி ஒன்றும் அறியாதிருந்தேன்.

திரும்பி வந்ததும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன். சீனத்தில் கடலட்டைக்கு ‘ஹைஷென்’ என்று பெயர். ‘ஹை’ என்பது கடல். இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகளோடு எழுதப்படும் எழுத்து. ‘ஷென்’ என்பது ஜின்செங் என்று உலகம் அறிந்த மூலிகைக் கிழங்கைக் குறிக்கும். கடலின் மூலிகைக் கிழங்கு என்பது அதன் பொருள். நாம் ஊர்ந்து இரத்தம் குடிக்கும் அட்டையின் பெயரை அதற்கு வைத்தோம். அவர்கள் உடம்புக்கு வலுவூட்டும் மருந்தின் பெயரை வைத்தார்கள். அதே எழுத்துக்கு ‘ட்சான்’ என்றும் ஓர் ஒலி உண்டு, அப்போது ‘பங்குகொள்’ என்று பொருள். 1956இல் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் சீனப் பெருநிலத்தில் அது எட்டுக் கோடுகளால் எழுதப்படுகிறது. ஹொங்கொங் கடைப் பலகையில் இன்றும் பழையபடி பதினொரு கோடுகள். பழைய சந்தை ஆவணங்களை வாசிக்க இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் ‘வெள்ளை அட்டை’ என்று சொல்லும் இனத்துக்குச் சீன விலங்கியல் நூல்களில் ‘ட்சாவ் ஹைஷென்’ என்று பெயர். சொரசொரப்பான கடலட்டை என்று பொருள். இது வட சீனத்தவர் விரும்பி உண்ணும் இனம் அன்று. தாலியான், ஷாந்துங் கரையோரத்தவர்களுக்குத் தங்கள் குளிர்கடலில் வளரும் முள் அட்டைதான் உயர்ந்தது. அதை அவர்களே பெருமளவில் வளர்க்கிறார்கள். வெப்பக் கடலின் அட்டைக்கு மதிப்புக் கொடுப்பது தென்புறத்துக் குவாங்தோங்கும் ஹொங்கொங்கும். ஆகவே எங்கள் கொட்டிலில் காய்வது ‘சீனாவுக்கு’ப் போகிறது என்று சொல்வதே போதாது. அது ஒரு மாகாணத்தின் நாக்குக்குப் போகிறது. குவாங்ஜொவ் நகரின் யித வீதியில் உள்ள உலர் கடலுணவு மொத்தச் சந்தை இந்த வியாபாரத்தின் முக்கியமான களங்களில் ஒன்று. சாப்பிடும் முன் நாட்கணக்கில் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, அவித்து, மீண்டும் ஊறவைக்கிறார்கள். சித்தப்பா சுருக்கியதை அங்கே ஒருவர் விரிக்கிறார்.

இந்த இடத்தில்தான் என் ஆய்வுக் கேள்வி பிடிபட்டது. 2012 டிசெம்பர் 4ஆம் திகதி சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் அரசியற்குழு, அதிகாரிகளின் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்தும் எட்டு விதிகளை ஏற்றுக்கொண்டது. அரச செலவில் நடந்த விருந்துகள் சுருங்கின. விருந்து மேசைக்கென்றே வாழ்ந்த விலையுயர்ந்த கடலுணவுகளின் சந்தையும் அதனோடு ஆட்டம் கண்டது. பெய்ஜிங்கில் எடுத்த அந்தத் தீர்மானத்தைக் குவாங்தோங்கின் உலர் கடலுணவு வியாபாரிகள் எப்படிப் புரிந்துகொண்டார்கள், அதிகாரிகளின் மேசையிலிருந்து குடும்பங்களின் மேசைக்கு அட்டையை நகர்த்த என்ன சொற்களைப் பயன்படுத்தினார்கள், அந்த நகர்வில் வெளிநாட்டு அட்டைக்கு எந்தத் தரம் கொடுத்தார்கள் என்பதை வியாபாரச் சங்க வெளியீடுகளையும் மாகாணப் பத்திரிகைகளையும் கொண்டு ஆராய்கிறேன். சிறிய கேள்விதான். ஆனால் இதற்கான பக்கங்களைத் திறந்து வாசிக்க வேண்டியவள் நானே. இரண்டாவது முன்மொழிவை மேற்பார்வையாளர் ஒரு திருத்தமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்.

வன்னியிலிருந்து இந்தப் பக்கம் வர விரும்பும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். மொழியைப் பட்டம் கிடைத்தபின் படிக்கலாம் என்று விடாதீர்கள். எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வின் பழைய முறையில் நான்காம் நிலைக்கு 1,200 சொற்கள், ஆறாம் நிலைக்கு 5,000 சொற்கள் என்று கணக்கு. எனக்கு நான்காம் நிலை வரை வேலைக்குப் போய்க்கொண்டே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் எடுத்தன. களனிப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல், சீன மொழி கற்பிக்கும் கொன்பியூசியஸ் நிறுவகம் இயங்குகிறது. சீன அரசின் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்து அங்கேயே படிக்கவும் வழியுண்டு. சீனப் பல்கலைக்கழகங்களில் முதுமாணிப் பட்டம் ஆய்வு சார்ந்தது, தொழில் சார்ந்தது என்று இரண்டாகப் பிரிந்திருப்பதனால் எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். புலமைப்பரிசில் கொடுப்பவர் யாராயினும், நம் கேள்வியை நாமே எழுதிக்கொண்டு போவது நல்லது என்பது என் உறுதியான அபிப்பிராயம். விண்ணப்பத்தோடு கொடுக்கும் முன்மொழிவில் பெரிய நாடுகளின் பெயர்களைக் குறைத்து, நீங்கள் கண்ணால் கண்ட ஒரு பொருளை, ஒரு வீதியை, ஒரு பத்திரத்தை வையுங்கள்.

வருகிற ஒக்டோபரில் கள ஆய்வுக்குக் குவாங்ஜொவ் போகிறேன். அதற்கான ஒழுக்கநெறி அனுமதி கிடைத்துவிட்டது. வியாபாரிகளிடம் கேட்கவிருக்கும் பதினெட்டுக் கேள்விகளைச் சீனத்தில் எழுதி, மொழி ஆசிரியையிடம் காட்டித் திருத்திக்கொண்டேன். போன கிழமை வட்ஸ்அப்பில் சித்தப்பாவோடு பேசும்போது, அவர் சார்பில் ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் யோசித்து, “ஊறப்போட்டா எங்கட அட்டை எவ்வளவு பெருக்குது எண்டு கேள். மணலுக்குள்ள ஒரு ராத்திரி வைக்கிறது காணுமோ, இன்னும் அரை நாள் வைக்கோணுமோ எண்டும் கேள்” என்றார். அதைச் சீனத்தில் எழுத ஒரு முழு மாலை பிடித்தது; மணலில் புதைப்பதற்கு வியாபாரிகள் பயன்படுத்தும் சொல்லை ஒரு பழைய பதனிடல் கையேட்டிலிருந்து எடுத்தேன். இப்போது பத்தொன்பது கேள்விகள். சித்தப்பாவின் கேள்வி முதலாவதாக இருக்கிறது.